நெம்புகோலும் நாற்காலியும்

மனிதர் வசமாக மாட்டிக்கொண்டிருந்தார்.

விமானக் கொட்டகைக்குள் தலையை நீட்டிய மனைவிக்கு முதலில் நம்ப முடியவில்லை. நிற்கிற இடத்தில் நிற்கிறாரே.

இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன விமானம் ஒன்று, மூக்கில் சங்கிலி கட்டித் தூக்கப்பட்டு, சக்கரம் தரையில் படாமல் தொங்கியது. அதன் அருகே மெக்கானிக்கான அவள் கணவர், ஆள் உயர இரும்பு நெம்புகோல் ஒன்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றார். நெற்றியில் அப்படி ஒரு வியர்வை. ஒரு வாளி வைத்திருந்தால் நிரம்பியிருக்கும்.

“கிட்ட வராத. கையை எடுத்தேன்னா மூஞ்சி பேந்துடும்.”

“யார் மூஞ்சி?”

“பாரபட்சமெல்லாம் கிடையாது. ரெண்டு பேர் மூஞ்சியும்தான்.”

அந்த மாதிரி விமானத்தின் காலுக்கு ஸ்பிரிங் கிடையாது. துணி உறை போட்ட தடித்த ரப்பர் வளையங்கள்தான், தரையில் இறங்கும்போது வரும் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். பழசு தளர்ந்துவிட்டால் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் போல நிற்கும். புதுசு மாட்டலாம் என்றால், அது லேசில் நீண்டு கொடுக்காது. இழுக்க ஒரு யானையைக் கூப்பிட்டால், யானை லீவு லெட்டர் கொடுத்துவிட்டுப் போய்விடும். நெம்புகோலால் நீட்டி, துளையில் ஒரு இரும்பு முளையைச் சொருகி, முளை நழுவாமல் அதன் முனையில் கம்பியைக் கோத்து மடக்கினால்தான் கையை எடுக்கலாம்.

“அந்த முளையைச் சொருகிட வேண்டியதுதானே?”

“சொருகினா போதுமா? கம்பி மடக்க ரெண்டு கையும் வேணும். பெயின்டர் டீ குடிக்கப் போயிருக்காரு. வரட்டும்.”

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தேடி வந்த ஆள் ஓட முடியாமல் கையில் கிடைத்துவிட்டார்.

காலில் சக்கரத்தோடு பிறந்தவர் அவர். கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் புகைதான் தெரியும். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே கூப்பிட்டபோது, அங்கே நின்ற தள்ளுவண்டியை ஆணி ஆணியாகப் பிரித்துப் போட்டிருந்தார். கீச்சென்று சத்தம் போட்டதாம். மகளை வாங்க நீட்டிய கையெல்லாம் கிரீஸ்.

அவள் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்ததிலிருந்து இன்னும் மோசம். ‘டாக்டர்’ என்று அவள் வாயெடுத்தால் மொட்டை மாடியில் இருப்பார். ‘ஆபரேஷன்’ என்று முடிப்பதற்குள் பக்கத்துத் தெருவில் இருப்பார். நேற்று சாப்பிடும்போது பேச்சைத் தொடங்கினாள். பாதித் தட்டில் எழுந்து போய்க் குழாயை ரிப்பேர் செய்தார். ஒழுகாத குழாய். இப்போது ஒழுகுகிறது.

இன்றைக்கு ஓடட்டும், பார்ப்போம்.

பெயின்ட் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, பையைக் காலடியில் வைத்துவிட்டு, அவள் சாவகாசமாக உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கட்டி எவ்வளவு பெரியது, எங்கே கிழிப்பார்கள், எடுத்த பிறகு எங்கே அனுப்பிப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு என்ன சொன்னால் நல்லது, என்ன சொன்னால் நல்லதில்லை. ஒன்றைக்கூட மென்று விழுங்கவில்லை.

அவர் கால் மாற்றிக் கால் நின்றார். கண் கூரைக்குப் போயிற்று, ஜன்னலுக்குப் போயிற்று, ஜன்னலுக்கு வெளியே, அவள் நடந்து வந்த ரோடு முழுவதும் போய்விட்டுத் திரும்பி வந்தது. காது இரண்டும் சிவந்து, தொட்டால் சுடும்போல இருந்தது.

கை மட்டும் நெம்புகோலில் அப்படியே இருந்தது.

“நாளைக்குக் காலைல ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போவாங்க. மத்தியானம் வரைக்கும் ஆகுமாம். வெளியில ஒரு நாற்காலி இருக்கு, நான் பாத்து வெச்சிருக்கேன். கண்ணைத் திறந்து ‘எங்க அவரு’ன்னு கேட்டா, அதுலதான் இருக்காருன்னு சொல்லணும். தங்கச்சி வரேங்கறா. எனக்கு நீங்கதான் வேணும். உங்களால முடியுமா, முடியாதா?”

அவர் நெம்புகோலைப் பார்த்தபடி கேட்டார்.

“நாற்காலி ஆடுமா?”

“ஆடினா ஆடட்டும். கழட்டக் கூடாது.”

மறுபடி கூரை. மறுபடி ஜன்னல்.

அவள் பெருமூச்சு விட்டாள். கட்டிப்போட்டுக் கேட்டாலும் இவ்வளவுதான். நாளைக்கு இவர் கையில் நெம்புகோல் இருக்காது. ஆஸ்பத்திரியில் லிஃப்ட், காத்தாடி, தள்ளுவண்டி எல்லாம் இருக்கும்.

“சரி, அந்தப் பெயின்டரைக் கூட்டிட்டு வரேன். எவ்வளவு நேரம்தான் பிடிச்சிட்டு நிப்பீங்க?”

“வேணாம் வேணாம். அவர் நிதானமா குடிக்கட்டும்.”

பையை எடுக்க அவள் குனிந்தாள்.

குனிந்த இடத்திலிருந்து நெம்புகோலின் அடி தெரிந்தது.

முளை சொருகியிருந்தது. அதன் முனையில் கம்பி இரண்டு பக்கமும் அழகாக மடக்கியிருந்தது. ரப்பர் வளையம் முளையின் பலத்தில் தன் பாட்டுக்கு நீண்டு நின்றது. நெம்புகோலில் ஒரு குருவி பாரம்கூட இல்லை.

அந்தக் கம்பியை மடக்க இரண்டு கையும் வேண்டும்.

அவள் நிமிர்ந்தாள். பையைத் திரும்பக் கீழே வைத்தாள். டின்னை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எங்க விட்டேன்?” என்றாள்.

“முதல்ல இருந்தே சொல்லு,” என்று சொல்லி, அவர் நெம்புகோலை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.