மயில்கழுத்து நிறத்தில் ஒரு கண்டு

"இது புது நூலே இல்லண்ணா! பின்னிப் பிரிச்ச நூலு!"

பானுமதி நூல்கண்டைக் கடை மேஜைமேல் வைத்த வேகத்தில் பொத்தான் டப்பா ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

ஃபேன்சி ஸ்டோர் சனாவுல்லா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் யோசிக்க அவகாசம் வேண்டுமென்றால் அவருக்கு அது ஒன்றுதான் வழி.

"புதுசுதாம்மா. மூட்டையில கசங்கியிருக்கும்."

"கசங்கினா இப்படியா இருக்கும்? சடை பின்னி அவுத்த முடி மாதிரி நெளிநெளியா இருக்குது. யாரோ பின்னிப் பிரிச்சுத் திருப்பிக் குடுத்ததை, கண்டா சுத்தி என் தலையில கட்டுறீங்க. ஒரு வருஷமா கொக்கி ஊசியும் கையுமா இருக்கறவ நான். என்கிட்டயேவா?"

அவள் ஆத்திரத்திலும் நியாயம் இருந்தது.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மை யூனிட்டில் வர்ணம் அடிக்கிறவள் பானுமதி. போன வருஷம் செல்போனில் பார்த்து கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷா வேலையைக் கற்றுக்கொண்டாள். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. பஸ்ஸில் பின்னுவாள். உலை கொதிக்கும்போது பின்னுவாள். கணவன் நந்தகுமார் டிவி ரிமோட்டை எடுத்தால் அதுவும் ஒரு பூப்போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வரும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊரில் முதல்முறையாகக் குரோஷா போட்டி. பள்ளிக்கூடத்தில்கூட எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்காதவள், இதற்கு முதல் ஆளாகக் கொடுத்தாள். மயில்கழுத்து நிறத்தில் பெரிய சால்வை. நாலு விரல் அகலம்தான் பாக்கி. அப்போது பார்த்து, வியாழக்கிழமை நூல் தீர்ந்துபோனது.

கையில் கிடைத்த நூலைச் சேர்த்துவிட முடியாது. ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் நிறம் கொஞ்சம் மாறும். ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும். அதே சாயத்தில் தோய்த்தெடுத்த நூல்தான் வேண்டும். கடையில் அந்தச் சரக்கு காலி.

"நாளைக்கு வாங்கம்மா, எப்படியாச்சும் தேடித் தரேன்" என்றார் சனாவுல்லா. அவர் தேடித் தந்த லட்சணம்தான் இது.

"காசு வேணாம்மா. எடுத்துட்டுப் போங்க" என்றார் இப்போது.

"தப்பு செஞ்சவங்கதான் காசு வேணாம்பாங்க!"

பணத்தை வைத்துவிட்டுக் கண்டை எடுத்துக்கொண்டாள். வேறென்ன செய்வது? நிறம் அச்சு அசலாக அதேதான்.

"தண்ணியில நனைச்சு, கனமா ஏதாச்சும் கட்டித் தொங்கவிடுங்க. நேராயிடும்!" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் சொன்னபடியே செய்தாள். சனிக்கிழமை காலை யூனிட்டின் சூளை அறை வெதுவெதுப்பில் ஈர நூல் தொங்கியது. கனத்துக்குக் கீழே காது உடைந்த ஒரு பீங்கான் ஜாடி. "காஞ்சிடுச்சாடி?" என்று யூனிட்டே பத்து தடவை வந்து எட்டிப் பார்த்தது. மதியம் நூல் நேரானது. சாயங்காலம் சால்வை முடிந்தது. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அவள் போட்ட கூச்சலில், குளித்துக்கொண்டிருந்த நந்தகுமார் சோப்பு நுரையோடு ஓடிவந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. கல்யாண மண்டபம் கலகலவென்று இருந்தது. பானுமதிக்குக் கால் தரையில் பாவவில்லை.

பக்கத்து மேஜையில் முக்காடு போட்ட ஒரு பெண், வட்டமாகச் சின்ன விரிப்பு ஒன்றை வைத்துவிட்டு, சால்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டுப் பாக்கலாங்களா?"

"தாராளமா! அட, உங்களுதும் மயில்கழுத்தா? சனாவுல்லா கடை நூலா?"

"ஆமாங்க."

"ஐயோ, உஷாரா இருங்க! பிரிச்ச நூலைப் புதுசுன்னு விக்கிறாரு அந்த ஆளு. என்கிட்ட கையும் களவுமா மாட்டினாரு!"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நூலு நேராச்சுங்களா?"

"ஆவாம? நாம வுட்டுடுவமா!"

டேப்பும் பட்டியலுமாக வந்தாள் போட்டி நடத்தும் பூங்கோதை.

"ஜுலைகா நீங்கதானே? டீப்பாய் விரிப்புன்னு பதிஞ்சிருக்கீங்க. இது சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்குது. ரெண்டடி இல்லாம போட்டியில சேத்துக்க முடியாதுங்களே."

"பரவால்லங்க. சும்மா பார்வைக்கு இருக்கட்டும்."

பானுமதிக்குப் பாவமாகிவிட்டது. "கடைசி நேரத்துல உக்காந்தா இப்படித்தாங்க ஆவும். இதுக்கெல்லாம் கொஞ்சம் பொறுமை வேணும். அடுத்த வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க, என்ன?"

"சரிங்க" என்றாள் ஜுலைகா.

தொங்கவிட்டிருந்த சால்வையின் ஒரு முனை நழுவவே, பானுமதி அதன் பின்பக்கம் போய்க் குனிந்து ஊக்குக் குத்தினாள். அப்போது பழக்கமான குரல் ஒன்று கேட்டது. சந்து வழியாக எட்டிப் பார்த்தாள். கையில் டீயோடு சனாவுல்லா!

"உன்னைச் சேத்துக்கலையாமே ஜுலைகா? ஒரு மாசமா உக்காந்து பின்னினது. அந்தம்மாவுக்காக ஓரம் பூரா பிரிக்காதேன்னு கட்டின புருஷன் அப்பவே சொன்னேன், கேட்டியா? இப்ப போட்டியிலயே இல்லாமப் போயிட்டியே!"

"மெதுவா பேசுங்க, அவங்க காதுல வுழப்போவுது" என்றாள் ஜுலைகா. "யாரு சொன்னா நான் போட்டியில இல்லன்னு? என் விரிப்போட ஓரம் இருக்குதுல்ல! அந்தச் சால்வையில பாருங்களேன், எவ்ளோ ஜோரா தொங்குது!"