மிஸ் ஹார்ட்லியின் குரல்

"அண்ணை, ரெக்கோட்டை மாத்திப் போட்டீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. மிஸ் ஹார்ட்லியின்ரை பேர்தான் கிடக்குது."

மிஸ் ஹார்ட்லி அந்தக் காலத்து ஒப்பெராப் பாடகி. தோர்ண்டன் ஹீத் முதியோர் இல்லத்தில் தன்னைப் பராமரித்த அஞ்சலீனாவிடம், "என் இறுதிச்சடங்கில் என் குரல் கேட்கவேண்டும்" என்று வாக்கு வாங்கியிருந்தார். இப்போது தேவாலயத்தில் அவரது சவப்பெட்டி மூடிக் கிடந்தது. இசைத்தட்டு சுழன்றது; ரெக்கோட்டில் பியானோ மட்டும் கேட்டது.

"முந்தநாளும் கேட்டனான். அவ பாடினவ."

"பழசு. தேய்ஞ்சிருக்கும்."

"குரல் மட்டும் தேயுமோ?"

"அப்ப நீயே பாடு," என்றார் ரெக்கோட் போட்டுக்கொண்டிருந்த கஸ்பர் அண்ணை.

அஞ்சலீனா சிரிக்கவில்லை. "இன்னொருக்காப் போடுங்கோ."

அவர் ஊசியைத் தொடக்கத்தில் வைத்தார். பியானோவின் முன்னிசை முடிந்தது. குரல் தொடங்கவேண்டிய இடத்தில், மூடிய பெட்டிக்குள் யாரோ நீளமாக மூச்சை இழுத்தார்கள்.