நட்சத்திரத் தாள்

உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு சரக்கை லொரெய்ன் இருபத்தைந்து சென்ட்டுக்கு வாங்கினாள். நாத்தனார் கெயில், இறந்துபோன அம்மாவின் பழைய சாமான்களை வீட்டு வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தாள்.

"அம்பது சென்ட் குடு."

"இந்தப் பழைய காகிதத்துக்கா? இருபத்தஞ்சு."

"சரி, எடுத்துட்டுப் போ. நான் குடுத்தேன்னு மட்டும் உன் புருஷன்கிட்ட சொல்லிடாதே."

வீட்டில் கணவன் கர்ட், நண்பர்களோடு ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தான். மகன் டோபி படுக்கையை நனைக்காத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நட்சத்திரம் ஒட்டும் தாளை, பையனின் அறையில் மாட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். நாலு பேர் பார்த்தால்தான் ரோஷம் வரும் என்று கர்ட் அதைச் சமையலறை ஃபிரிட்ஜில் மாட்டியிருந்தான்.

"பாருங்கடா, எங்க வீட்டு நீச்சல் வீரனை! எங்க வம்சத்துலயே இப்படி ஒருத்தன் கிடையாது. எல்லாம் அவங்க அம்மா வழி ரத்தம்."

டோபி மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டான்.

"அப்படியா?" என்ற லொரெய்ன், வாங்கி வந்த தாளை டோபியின் தாளுக்குப் பக்கத்திலேயே காந்தம் வைத்து மாட்டினாள்.

மாமியாரின் கையெழுத்தை நண்பர்கள் எழுந்து வந்து படித்தார்கள். சிரிப்பில் கூரையே பிய்ந்துவிடும் போலிருந்தது.

"டேய் கர்ட், அந்த வயசுலயுமாடா?"

டோபி வெளியே வந்து, இரண்டு தாள்களையும் விரல் வைத்து எண்ணினான்.

டோபி, ஏழு வயது, அக்டோபர் மாதம்: பத்தொன்பது நட்சத்திரம்.

கர்ட், பதின்மூன்று வயது, அக்டோபர் மாதம்: இரண்டு.