டேப் ஒட்டிய ட்ரிப்பர்

அந்த வீட்டு மெயின் போர்டில் ஒரு ட்ரிப்பர் இருந்தது. எங்கே கரண்ட் கசிந்தாலும் படக்கென்று விழுந்து வீட்டையே அணைத்துவிடும். அதற்காகவே திட்டு வாங்கும்.

அன்று வாஷிங் மெஷினைப் போட்டதுமே விழுந்தது. வீட்டுக்காரர் தணிகாசலம் தூக்கி நிறுத்தினார். மறுபடியும் விழுந்தது.

"ஏன்ப்பா உயிரை வாங்குற? துணியெல்லாம் துவைக்காம அப்படியே கிடக்கு. கொஞ்சம் கண்டுக்காம இருந்தா என்ன?" என்றது வாஷிங் மெஷின்.

"உன் வயரை எலி கடிச்சிருக்கு. உடம்பெல்லாம் கரண்ட் பாயுது."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"உன்னைத் தொடுறவங்களுக்குத் தெரியும். நான் விடமாட்டேன்."

தணிகாசலத்துக்குப் பொறுமை போனது. மெஷினை அணைத்துவிட்டு ட்ரிப்பரின் விசையை மேலே தூக்கினார். அது அசையாதபடி கறுப்பு டேப்பை இறுக்கி ஒட்டினார். "இப்ப விழு, பார்ப்போம்!"

பிறகு மெஷின் சுவிட்சைப் போட்டார். அவர் மனைவி செங்கமலம் ஈரக் கையை மெஷின் மூடிமேல் வைத்தபடி நின்றிருந்தாள்.

விசை நிமிர்ந்தேதான் நின்றது. ஆனால் ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜ் அடங்கியது.

"நீதான் விழலையே! எப்படி?" என்று மெஷின் திகைத்தது.

"அவர் ஒட்டினது வெளியில. நான் துண்டிக்கிறது உள்ளுக்குள்ள."

"பாழாப்போன ட்ரிப்பர்! தூக்கி எறியுங்க அதை!" என்று கத்தினாள் செங்கமலம்.

"கேட்டியா, இப்பவும் உனக்குத்தான் திட்டு," என்றது மெஷின்.

"திட்டட்டும்," என்றது ட்ரிப்பர். "திட்ட ஆள் இருக்காங்கல்ல."