தூக்கத்தில் கடந்த கடல்

அவள் திடுக்கிட்டு விழிக்கிறாள். மடியில் குழந்தை இல்லை. பதினான்கு மணி நேரப் பயணத்தில், விமானம் ஏறியதிலிருந்து வீறிட்டு அழுத பிள்ளை, பக்கத்து இருக்கைக் கொத்தனாரின் கைகளில் வாய் பிளந்து தூங்குகிறது. அவர் சட்டையெல்லாம் எச்சில். ஜன்னல் இடுக்கில் வரும் வெயில் அவருடைய பிரிக்காத சாப்பாட்டின் மேல் விழுகிறது. அவள் கண்ணயர்ந்தபோது திரையின் வரைபடத்தில் கடல் முழுவதும் எதிரே கிடந்தது. இப்போது முழுவதும் பின்னால்.

“என்னை எழுப்பியிருக்கலாமேண்ணே!”

“அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குனியேம்மா, எழுப்ப மனசு வரல. புள்ள நழுவப் பாத்துச்சு, வாங்கி வச்சுக்கிட்டேன்.”

குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆறிப்போன சாப்பாட்டின் மூடியை அவளே பிரித்துக் கரண்டியை நீட்டுகிறாள். அவரால் வாங்க முடியவில்லை. மரத்துப்போன இரண்டு கைகளும் பிள்ளையை ஏந்திய வாக்கிலேயே இன்னும் மடங்கி நிற்கின்றன.