மார்ச் ஒன்பது

கால்பந்துத் தேர்வில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே பிடித்துப் பார்த்து, எனக்குப் பதினெட்டு வயது, ஜெனிட்டாவுக்குப் பதினைந்து என்றார்கள். நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். அவளுக்குப் பத்து நிமிடம் முந்திப் பிறந்தேன், அந்தப் பத்து நிமிடம் மூன்று வருடமாக ஊதிவிட்டது.

எலும்பு சொல்வதுதான் வயது. அதற்கேற்ற பிறந்த தேதியையும் எனக்கு அந்த மெஷினே கொடுத்தது: மார்ச் ஒன்பது. ஆதாரிலும் அதுவே ஏறியது. ஜெனிட்டாவுக்குப் பழைய தேதியே நின்றது; அவள் ஜூனியர் கால்பந்து அணியோடு எங்கள் ஊர் தூத்தூரிலேயே இருந்தாள். என்னைச் சென்னை சீனியர் விடுதிக்கு அனுப்பினார்கள்.

இங்கே அவரவர் பிறந்தநாளன்று மட்டும் வீட்டோடு போனில் பேசலாம். மார்ச் ஒன்பதாம் தேதி வார்டன் கேக் வெட்டி, போனைக் கையில் கொடுத்தார். அம்மா பதறிவிட்டாள்.

"என்ன மக்ளே, மேலுக்குச் சுகமில்லையா? இன்னைக்கு எதுக்குக் கூப்பிட்ட?"

"சும்மாதான்மா" என்றேன்.

இன்று ஆகஸ்ட் இருபத்திரண்டு. அம்மா எங்களைப் பெற்ற நாள். காலைப் பயிற்சி முடிந்து வந்தபோது வார்டன் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"உங்க அம்மா போன் பண்ணாங்க. பாவம், இன்னைக்கு உனக்குப் பிறந்தநாள்னு நினைச்சுட்டாங்க. தங்கச்சிக்குத்தான்னு எடுத்துச் சொல்லி வச்சேன். உன் வாழ்த்தையும் அவகிட்ட சொல்லச் சொல்லிட்டேன்."

"தேங்க்ஸ் மேடம்" என்றேன்.