பத்துக்கு ஒன்பது

தமிழாசிரியர் தணிகாசலம் கட்டுரைத் தாளைப் படித்துத் திருத்தி ஓராண்டாகிறது. போனில் படம் பிடித்தால் போதும். டீ ஆறுவதற்குள் செயற்கை நுண்ணறிவு நாற்பது பேருக்கும் மதிப்பெண் போட்டு, கருத்தும் எழுதிக் கொடுத்துவிடும். அதைப் பார்த்துச் சிவப்பு மையில் எழுதுவதுதான் அவர் வேலை. பிள்ளைகளுக்கு இது தெரியாது.

'என் எதிர்காலம்' என்ற கட்டுரையைப் பத்தாம் வகுப்பு பவளக்கொடி இப்படி முடித்திருந்தாள்: "ஐயா, வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். எனக்கு வயது பதினைந்து. யாரிடமாவது சொல்லி நிறுத்துங்கள்."

புதன்கிழமை தாள் திரும்பி வந்தது. பத்துக்கு ஒன்பது. 'உருக்கமான கற்பனை. கல்யாணம் என்பதைத் திருமணம் என்று எழுதினால் நடை சிறக்கும்.'

"சார், இதப் படிச்சீங்களா?" என்று அவரிடமே போய்க் கேட்டாள்.

"படிக்காமலா மார்க் போட்டேன்? கற்பனை ரொம்ப நல்லாருக்கு."

பவளக்கொடி அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தாள். இவரிடம் இன்னொரு வார்த்தை பேசினால் அந்த வார்த்தைக்குத்தான் கேவலம் என்று தோன்றியது. தாளோடு சத்துணவுக் கூடத்துக்குப் போய், சமையல்கார ராக்கம்மாவிடம் நீட்டினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்ற ராக்கம்மா, அடுப்பை அணைத்துவிட்டு அவளருகில் உட்கார்ந்தாள். "நீ வாயால சொல்லு, கேக்குறேன்."